ஒரே பல்லி, எத்தனை நிறம்? கிரெஸ்டட் கெக்கோவும் லில்லி வைட் கணக்கும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக அங்கங்கே சுருக்கித் திருத்தியிருக்கிறேன்.)

இன்னைக்கு டாபிக் பல்லி. ஓடிடாதீங்க. நம்ம வீட்டு டியூப்லைட் பக்கத்துல உட்கார்ந்து பூச்சி பிடிக்கிற பல்லியோட தூரத்துச் சொந்தக்காரர் ஒருத்தரைப் பத்திப் பேசப்போறோம். பேரு கிரெஸ்டட் கெக்கோ. அமெரிக்கா, பிரிட்டன், தென்கொரியா மாதிரி நாடுகள்ல வீட்ல ஆசையா வளர்க்கிற பல்லி இது.

பிரிட்டன்ல வேலை பார்க்கிற நம்ம லிசனர் ஒருத்தர் அனுப்பின கேள்விதான் இந்த எபிசோடுக்குக் காரணம். அவர் கேட்டது இதுதான்: "ப்ரோ, ஒரு கிரெஸ்டட் கெக்கோ வாங்கலாம்னு இருக்கேன். விற்கிறவங்க லிஸ்ட்ல எக்ஸ்ட்ரீம் ஹார்லிகுவின், லில்லி வைட், 66% ஹெட் ஆக்ஸாந்திக்னு என்னென்னமோ போட்டிருக்காங்க. ஒண்ணும் புரியலை. ரெண்டு லில்லி வைட்டை ஜோடியா வாங்கினா, குட்டிங்க எல்லாமே லில்லி வைட்டா வருமா?"

இதுல அந்தக் கடைசிக் கேள்வி பார்க்க சாதாரணமா இருக்கு. ஆனா அதுக்கான பதில்ல உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இருக்கு. அதனால அடியில இருந்து ஒவ்வொரு படியா வருவோம்.

முதல்ல, யார் இவங்க?

ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே, பசிபிக் கடல்ல, பிரான்ஸோட ஆட்சிக்குள்ள நியூ கலிடோனியான்னு ஒரு தீவுக்கூட்டம் இருக்கு. கிரெஸ்டட் கெக்கோவுக்குச் சொந்த ஊர் அதுதான். அங்கேயும் எல்லா இடத்துலயும் கிடையாது. பெரிய தீவோட தென்பகுதி, அதுக்குத் தெற்கே இருக்கிற ஐல் ஆஃப் பைன்ஸ், சுத்தியிருக்கிற சில குட்டித் தீவுகள், அவ்வளவுதான்.

1866ல அல்ஃபோன்ஸ் கிஷெனோங்கிற பிரெஞ்சு விலங்கியலாளர் இதை அறிவியல் உலகத்துக்கு அறிமுகம் செஞ்சு 'கொரெலோஃபஸ் சிலியாட்டஸ்'னு பேர் வெச்சார். சிலியாட்டஸ்னா கண்ணிமை முடி மாதிரி விளிம்பு உள்ளதுன்னு அர்த்தம். கண்ணுக்கு மேல மஸ்காரா போட்ட மாதிரி வரிசையா சின்னச் சின்ன முள் நிக்கும், அது அப்படியே முதுகு வரைக்கும் போகும். வேடிக்கை என்னன்னா, இதுக்கு மூடித் திறக்கிற கண்ணிமையே கிடையாது. கண்ணுல தூசி விழுந்தா நாக்கை நீட்டித் துடைச்சுக்கும்.

அதுக்கப்புறம் ரொம்ப காலம் யார் கண்ணுலயும் படலை. அழிஞ்சே போச்சுன்னு நினைச்சாங்க. 1994ல மறுபடியும் கண்டுபிடிச்சாங்க. அந்தச் சமயத்துல கொஞ்சம் கெக்கோக்கள் வெளிநாட்டுக்குப் போச்சு. பிறகு நியூ கலிடோனியா ஏற்றுமதியைத் தடை பண்ணிடுச்சு. ஆக, இன்னைக்கு உலகம் முழுக்க வீடுகள்ல இருக்கிற கெக்கோக்களுக்கெல்லாம் முன்னோர்னு பார்த்தா ஒரு சின்னக் கூட்டம்தான். இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

வளர்ந்த ஒண்ணு வாலோட சேர்த்து 20 சென்டிமீட்டர் சொச்சம், எடை சுமார் 35ல இருந்து 55 கிராம். பழம், பூந்தேன், பூச்சி எல்லாம் சாப்பிடும். பயந்தா வாலைக் கழட்டிவிட்டு ஓடிடும். நம்ம வீட்டுப் பல்லிக்கு வால் திரும்ப வளரும். இதுக்கு வளராது, போனா போனதுதான். நல்லா பார்த்துக்கிட்டா 15ல இருந்து 20 வருஷம் வாழும். இப்ப 25 வயசுல வாங்குறவருக்கு அது சாகும்போது 40ஐத் தாண்டியிருக்கலாம்.

நிறம் எங்கே இருந்து வருது?

பல்லியோட தோலுக்குள்ள நிறத்துக்குன்னே தனியா செல்கள் இருக்கு. முக்கியமா மூணு வகை. ஒண்ணு கருப்பு, பழுப்பு நிறமி வெச்சிருக்கிற செல். மெலனோஃபோர்னு பேரு. ரெண்டாவது மஞ்சள், சிவப்பு நிறமி வெச்சிருக்கிறது. சாந்தோஃபோர். மூணாவதுதான் சுவாரஸ்யம், இரிடோஃபோர். இதுக்குள்ள நிறமியே கிடையாது. குவானின்ங்கிற பொருளோட நுண்ணிய படிகங்கள் இருக்கும். அதுல ஒளி பட்டுத் திரும்பி வரும்போது வெள்ளையாவும் பளபளப்பாவும் தெரியும்.

டிசைன் வேலை பார்க்கிறவங்களுக்கு ஈஸியா புரியும்: ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கின லேயர் மாதிரி. எந்த லேயர் எங்கே அடர்த்தி, எங்கே இல்லைங்கிறதுதான் கடைசியில நாம பார்க்கிற நிறம். மஞ்சள்-சிவப்பு லேயரை ஆஃப் பண்ணிட்டா கருப்பு, சாம்பல், வெள்ளை மட்டும் மிஞ்சும். லிசனர் கேட்ட லிஸ்ட்ல இருந்த 'ஆக்ஸாந்திக்' இதுதான். பழைய கருப்பு-வெள்ளை சினிமாவுல இருந்து இறங்கி வந்த மாதிரி இருக்கும்.

பகல்ல ஒரு நிறம், ராத்திரி ஒரு நிறம்

அடுத்த விஷயம் வாங்குறவங்களுக்கு ரொம்ப முக்கியம். கிரெஸ்டட் கெக்கோ ராத்திரியில நடமாடுற பிராணி. பகல்ல தூங்கும்போது நிறம் மங்கலா, வெளுத்துப்போன மாதிரி இருக்கும். ராத்திரி விழிச்சதும், இல்லன்னா கூண்டுல தண்ணி தெளிச்சதும், கொஞ்சம் பதற்றமானாலும், நிறம் அடர்த்தியாகி டிசைன் பளிச்னு எடுத்துக் காட்டும். இதை வளர்க்கிறவங்க 'ஃபயர் அப்'னு சொல்வாங்க. மங்கினா 'ஃபயர் டவுன்'. கருப்பு நிறமித் துகள்கள் செல்லுக்குள்ள பரவினா தோல் அடர்த்தியாத் தெரியும், நடுவுல சுருங்கினா வெளுத்துத் தெரியும். பல ஊர்வனவற்றுல நிறம் மாறுறது இந்த வழியிலதான்.

அப்ப விற்பனைக்கு எடுக்கிற போட்டோ எப்ப எடுத்ததா இருக்கும்? சொல்லவே வேண்டாம். முழுசா ஃபயர் அப் ஆனப்பதான். கல்யாணத்துக்குப் பொண்ணு, மாப்பிள்ளை போட்டோ அனுப்புற அதே டெக்னிக். அதனால வாங்குறதுக்கு முன்னாடி பகல்ல எடுத்த போட்டோ ஒண்ணு, ராத்திரி எடுத்த போட்டோ ஒண்ணு, ரெண்டும் கேட்டு வாங்குங்க. குட்டியா இருக்கும்போது இருக்கிற நிறமும் நிரந்தரம் இல்லை. வளர வளர மாறும்.

பேரெல்லாம் என்ன அர்த்தம்?

ஒரு பிராணிக்கு இருக்கிற குறிப்பிட்ட நிறம் அல்லது டிசைன் வகையை 'மார்ஃப்'னு சொல்றாங்க. லிஸ்ட்ல வர்ற பேர்களை ரெண்டு கூடையா பிரிச்சுக்கலாம்.

முதல் கூடை, பார்த்த தோற்றத்துக்கு வெச்ச பேர்கள். டிசைனே இல்லாம உடம்பெல்லாம் ஒரே நிறம்னா 'பேட்டர்ன்லெஸ்'. முதுகு வெளிர் நிறமா, பக்கவாட்டுல கொஞ்சமா தீ நாக்கு மாதிரி கோடு ஏறினா 'ஃபிளேம்'. அந்தக் கோடு விலாவெல்லாம் பரவிக் காலுக்கும் இறங்கினா 'ஹார்லிகுவின்'. அது இன்னும் அதிகமானா 'எக்ஸ்ட்ரீம் ஹார்லிகுவின்'. முதுகோட ரெண்டு ஓரத்துலயும் தையல் போட்ட மாதிரி வெளிர் கோடு ஓடினா 'பின்ஸ்ட்ரைப்'. குறுக்கே பட்டை போட்டிருந்தா 'டைகர்'. உடம்பெல்லாம் புள்ளி வெச்சிருந்தா 'டால்மேஷன்', அந்த நாய் ஞாபகத்துல.

இதுல பலதுக்கும் ஒரே ஒரு ஜீனைக் காட்டி இதுதான் காரணம்னு சொல்ல முடியாது. நம்ம உயரம் மாதிரி. அப்பா, அம்மா உயரம்னா பிள்ளையும் உயரமா இருக்க வாய்ப்பு அதிகம், ஆனா இத்தனை சென்டிமீட்டர்னு யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. ரெண்டு எக்ஸ்ட்ரீம் ஹார்லிகுவினைச் சேர்த்தா நல்ல டிசைனோட குட்டி வரலாம், சுமாராவும் வரலாம். ஃபிளேம் எங்கே முடிஞ்சு ஹார்லிகுவின் எங்கே ஆரம்பிக்குதுங்கிறதே பார்க்கிறவர் கண்ணைப் பொறுத்தது. விற்கிறவருக்கு அந்தக் கண் கொஞ்சம் தாராளமா இருக்கும்.

ரெண்டாவது கூடை, ஒரே ஜீன்ல நடக்கிற மாற்றங்கள். இங்கே கணக்கு போடலாம். ஆக்ஸாந்திக், லில்லி வைட், காப்புச்சினோ எல்லாம் இந்தக் கூடை. லில்லி வைட்டும் காப்புச்சினோவும் ஒரே குட்டியில சேர்ந்தா அதுக்கு 'ஃப்ராப்புச்சினோ'ன்னு பேரு. காபிக்கடை மெனு மாதிரி போகும். டிகிரி காபி இன்னும் வரலை.

66% ஹெட்: கொஞ்சம் கணக்கு

ஒவ்வொரு ஜீனுக்கும் ரெண்டு காப்பி. அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணு. ஆக்ஸாந்திக் ஒடுங்கிய பண்பு. ரெண்டு காப்பியும் ஆக்ஸாந்திக்கா இருந்தாதான் வெளியில தெரியும். ஒண்ணு மட்டும் இருந்தா பார்க்கச் சாதாரணமா இருக்கும், உள்ளே ஒளிஞ்சிருக்கும். அந்த ஒளிஞ்ச நிலைக்குத்தான் 'ஹெட்'னு பேரு.

ரெண்டு ஹெட்டைச் சேர்த்தா, சராசரியா 4 குட்டியில ஒண்ணு ஆக்ஸாந்திக், ரெண்டு ஹெட், ஒண்ணுகிட்ட அந்த ஜீனே இல்லை. ஆக்ஸாந்திக்கைக் கண்ணால பார்த்துப் பிரிச்சுடலாம். மிச்சம் 3 குட்டியும் பார்க்க ஒரே மாதிரி, ஆனா அதுல 2 மட்டும்தான் ஹெட். 3ல 2னா சுமார் 66%. அவ்வளவுதான் விஷயம். '66% ஹெட்'னா அந்தப் பல்லிக்குள்ள 66% ஆக்ஸாந்திக் இருக்குன்னு அர்த்தமில்லை. இருக்கிறதுக்கு 66% வாய்ப்பு, இல்லாம இருக்கிறதுக்கு 34% வாய்ப்பு. கூடுதல் காசு கொடுத்தா நீங்க வாங்குறது ஒரு லாட்டரிச் சீட்டு, கொஞ்சம் நல்ல லாட்டரி.

இப்ப லில்லி வைட்டுக்கு வருவோம்

லில்லி வைட் பிரிட்டன்ல ஒரு பிரீடர்கிட்ட முதல்ல வெளிப்பட்ட மார்ஃப். பக்கவாட்டுலயும் முதுகுலயும் பாலை ஊத்தின மாதிரி வெள்ளை. உண்மையிலேயே அழகு, ஆசைப்படுறதுல தப்பே இல்லை.

ஆனா இதோட ஜீன் வேற மாதிரி நடந்துக்கும். ஒரு காப்பி இருந்தாலே போதும், லில்லி வைட் ஆயிடும். ரெண்டு காப்பி இருந்தா? இன்னும் வெள்ளையா, இன்னும் அழகா வரும்னு தோணும். வராது. ரெண்டு காப்பியும் வாங்கின குட்டி பிழைக்காது. முட்டைக்குள்ளேயே செத்துடும், இல்லன்னா பொரிஞ்சு வெளியில வந்த கொஞ்ச நேரத்துல செத்துடும்.

உயிரியல்ல இது புதுசு இல்லை. 1905ல லூசியன் குவேனோங்கிற பிரெஞ்சு விஞ்ஞானி மஞ்சள் எலிகளை ஒண்ணோட ஒண்ணு சேர்த்துப் பார்த்தார். எத்தனை முறை சேர்த்தாலும் சுத்த மஞ்சள் பரம்பரை கிடைக்கவே இல்லை. குட்டிகள்ல எப்பவும் ரெண்டு பங்கு மஞ்சள், ஒரு பங்கு மத்த நிறம். 3க்கு 1னு வரவேண்டிய இடத்துல 2க்கு 1. காணாமப்போன அந்த ஒரு பங்கு, ரெண்டு காப்பி வாங்கிப் பிறக்கிறதுக்கு முன்னாடியே செத்துப்போன எலிகள். சில வருஷம் கழிச்சு மத்த ஆய்வாளர்கள் அதை உறுதிப்படுத்தினாங்க. லில்லி வைட்லயும் அதே கணக்குதான்.

இப்ப ஒரு 100 முட்டையை எடுத்துக்குவோம், எல்லாம் கரு உள்ளதுன்னு வெச்சுக்கலாம்.

லில்லி வைட்டையும் சாதாரண கெக்கோவையும் சேர்த்தா: சராசரியா 50 லில்லி வைட், 50 சாதாரணம். சாவு இல்லை.

லில்லி வைட்டையும் லில்லி வைட்டையும் சேர்த்தா: 50 லில்லி வைட், 25 சாதாரணம், 25 சாவு.

இன்னொரு தடவை பாருங்க. ரெண்டு வழியிலயும் கிடைக்கிற லில்லி வைட் எண்ணிக்கை அதே 50தான். ரெண்டு லில்லி வைட்டைச் சேர்க்கிறதால ஒரு லில்லி வைட் கூட அதிகமா கிடைக்காது. சாதாரண குட்டி பாதியாக் குறையும், 25 உயிர் போகும். லாப நோக்கம் மட்டும் உள்ள ஆள்கூட இந்த ஜோடியைச் சேர்க்கிறதுக்குக் காரணமே கிடையாது. அப்படியும் சேர்த்தா, ஒண்ணு கணக்கு தெரியலை, இல்லன்னா பிழைச்ச 75ல 50 லில்லி வைட்டாத் தெரியறதைப் பார்த்து ஏமாந்திருக்கார். சதவீதம் ஏறினது செத்ததைக் கணக்குல சேர்க்காததால.

"எங்ககிட்ட அப்படி எதுவும் நடக்கலையே"ன்னு சிலர் சொல்வாங்க. அதுவும் பொய்யா இருக்கணும்னு இல்லை. இந்தப் பல்லி ஒரு தடவைக்கு 2 முட்டைதான் வைக்கும். ரெண்டுமே தப்பிக்கிற வாய்ப்பு முக்காலை முக்காலால பெருக்கினா வரும், சுமார் 56%. அதாவது பாதிக்கும் மேல தடவை எந்தப் பிரச்சினையும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு முட்டை கெட்டுப்போனாலும் 'கரு சேரலை போல'ன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. ஆனா 8 முட்டை ஆகும்போது எல்லாமே தப்பிக்கிற வாய்ப்பு 10%, 16 முட்டைக்கு 1%. டெஸ்ட் கேஸ் ரெண்டு மட்டும் ஓட்டிட்டு பக் இல்லைன்னு ரிலீஸ் பண்ற கதைதான்.

நிறமே நோயா மாறும்போது

இன்னொரு பல்லியோட கதையையும் சொல்லிடறேன். லெப்பர்ட் கெக்கோன்னு வேறொரு இனம் இருக்கு. அதுல 'லெமன் ஃப்ராஸ்ட்'னு ஒரு மார்ஃப் வந்துச்சு. வெளிர் மஞ்சளும் பனி வெள்ளையும் சேர்ந்த நிறம். பார்த்தவங்க எல்லாரும் ஆசைப்பட்டாங்க. கொஞ்ச நாள்ல அந்தப் பல்லிகளுக்குத் தோல்ல கட்டி வர ஆரம்பிச்சது.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட லாஸ் ஏஞ்சலிஸ் வளாக ஆய்வாளர்கள் இதை ஆராய்ஞ்சு 2021ல வெளியிட்டாங்க. காரணம் ஸ்பின்ட்-1ங்கிற ஜீன் பக்கமா கை காட்டுச்சு. கட்டி எந்த செல்ல இருந்து வருதுன்னு பார்த்தா, நாம ஆரம்பத்துல பேசின இரிடோஃபோர்ல இருந்து. எந்த வெள்ளைக்காக வாங்கினாங்களோ அந்த வெள்ளையைக் கொடுக்கிற செல்லே அளவில்லாமப் பெருகுறதுதான் நோய். இந்த மார்ஃப்ல 80%க்கும் மேல பல்லிகளுக்குக் கட்டி வருது. இங்கே நிறத்தை மட்டும் வெச்சுக்கிட்டு நோயைக் கழட்டிவிட வழி தெரியலை.

லில்லி வைட் அப்படிக் கிடையாது. ஒரு காப்பி உள்ள லில்லி வைட் மத்த கெக்கோ மாதிரியே வாழ்ந்துட்டுப் போகும். ஜோடி சேர்க்கும்போதுதான் பிரச்சினை. அதனால 'மார்ஃப்னாலே கொடுமை'ன்னு ஒரே வரியில முடிச்சுடவும் வேண்டாம், 'வெறும் நிறம்தானே'ன்னு விட்டுடவும் வேண்டாம். ஒவ்வொரு ஜீனையும் தனித்தனியாக் கேட்கணும்: ஒரு காப்பி என்ன பண்ணும், ரெண்டு காப்பி என்ன பண்ணும்?

அந்தச் சின்னக் கூட்டம் ஞாபகம் இருக்கா? முன்னோர் குறைவுங்கிறதால நெருங்கின சொந்தத்துக்குள்ளேயே சேர்க்கிற ஆபத்து ஏற்கெனவே உண்டு. ஒரு புது நிறம் வந்தா, அதைப் பரப்ப அந்த ஒரு பல்லியோட வாரிசுகளையே திரும்பத் திரும்ப சேர்ப்பாங்க. நிறத்தோட சேர்ந்து வேற எது வந்ததுன்னு சில தலைமுறை கழிச்சுத்தான் தெரியும்.

அப்ப என்ன பண்ணலாம்?

கேள்வி கேட்ட நண்பருக்கு நேரடியான பதில். ஒரு லில்லி வைட் வாங்குங்க, தாராளமா. ரெண்டை ஜோடி சேர்க்காதீங்க. ரெண்டு வாங்கியே ஆகணும்னா தனித்தனிக் கூண்டுல வளருங்க.

விற்கிறவர்கிட்ட நாலு கேள்வி கேளுங்க. அப்பா, அம்மா என்ன மார்ஃப்? அவங்க போட்டோ இருக்கா? ரெண்டும் சொந்தமா? பகல்ல இது எப்படி இருக்கும்? பெற்றோர் ரெண்டும் லில்லி வைட்னு சொன்னா, அங்கே வாங்காதீங்க. இது வீம்பு இல்லை. நாம வாங்குற ஒவ்வொரு குட்டியும் அடுத்த ஜோடியை எப்படிச் சேர்க்கணும்னு பிரீடருக்குச் சொல்ற செய்தி.

நம்ம ஊர்ல இருந்து கேட்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பல்லிக்குச் சுகமான வெப்பநிலை 22ல இருந்து 26 டிகிரி. 28ஐத் தாண்டினா அதுக்குக் கஷ்டம். சென்னையில மே மாசம் கரண்ட் போன ஒரு மத்தியானத்தை நினைச்சுப் பாருங்க, வேற எதுவும் சொல்ல வேண்டாம்.

சொந்த ஊர்லயும் இதுக்கு நிம்மதி இல்லை. வெளியில இருந்து வந்த எலி, பூனை, அமெரிக்கக் கண்டத்துல இருந்து கப்பலேறி வந்த சின்ன நெருப்பு எறும்பு எல்லாம் சேர்ந்து காட்டுல இருக்கிறதை நெருக்குது. அழியும் ஆபத்துள்ள உயிரினப் பட்டியல்லயும் இது இருக்கு. அங்கே காட்டுல இருக்கிற பல்லிக்கு ஃபிளேம், ஹார்லிகுவின்னு எந்தப் பேரும் தெரியாது. மரப்பட்டையோடயும் காய்ஞ்ச இலையோடயும் கலந்து தெரியாம இருக்கிறதுக்குத்தான் அந்த நிறமெல்லாம்.

இன்னைக்கு இவ்வளவுதான். லில்லி வைட் கணக்கு புரியலைன்னா ஒரு பேப்பர்ல நாலு கட்டம் போட்டு நிரப்பிப் பாருங்க, ரெண்டு நிமிஷ வேலை. பல்லி வளர்க்கிற நண்பர் யாராவது இருந்தா, அவர் அடுத்த ஜோடி சேர்க்கிறதுக்கு முன்னாடி இந்த எபிசோடை அனுப்பி வைங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.